‘இன்னும் தூங்கலையா’ ஏன் நின்றது

எங்கள் பழைய தொலைக்காட்சிக் குழுவினருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து, மூட்டுவலித் தைலம், பேரப்பிள்ளைகளின் படம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த இடம் அது. சென்ற மாதம் யாரோ ஒரு காணொளியை அதில் போட்டார்கள். வெளிநாட்டில் எங்கோ பல வருடம் ஓடிய இரவுநேரப் பேச்சு நிகழ்ச்சி ஒன்றை நிறுத்திவிட்டார்களாம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த இளைஞர் பாதியில் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்துவிட்டார். ‘இன்னும் தூங்கலையா’ நிகழ்ச்சியை ஜவ்வாது மலையில் எடுத்தபோது ஒரு பெரிய புள்ளி போன் போட்டு மிரட்டினாராம், அடுத்த வாரமே நிகழ்ச்சியை இழுத்து மூடிவிட்டார்களாம். கூடவே இருந்து பார்த்தவர் போலச் சொன்னார்.

போன் எதுவும் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் இருந்த இடத்தில் எந்தப் போனுக்கும் சிக்னலே கிடையாது.

ஆனால் குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. எங்களோடு வேலை பார்த்தவர்களிலேயே பாதிப் பேர் அந்தப் பெரிய புள்ளி கதையைத்தான் இத்தனை நாளும் நம்பியிருக்கிறார்கள். படத்தொகுப்பில் இருந்த கவிதா, “மாணிக்கண்ணா, அன்னைக்கு நீங்கதானே தளத்துல இருந்தீங்க, உண்மைய எழுதுங்க” என்று கேட்டாள். தளத்தில் இருந்தேன் என்பது மட்டுமல்ல, நடந்ததில் என் கைக்கும் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் பிறந்தவன் நான். விடுதிப் பள்ளியில் படித்து, திருப்பத்தூரில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்கு விளக்குத் தூக்கப் போனேன். விளக்குத் தூக்கியவன் விளக்கு வைப்பவன் ஆனேன். ஒருநாள் ஃப்ளோர் மேனேஜருக்குக் காய்ச்சல் என்று அவர் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே நின்றுவிட்டேன். அது உட்கார முடியாத வேலை.

தயாரிப்பாளரும் இயக்குநரும் தனி அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். தளத்தில் அவர்களுடைய வாயும் கையும் ஃப்ளோர் மேனேஜர்தான். என் காதுக் கருவியில் அவர்கள் சொல்வதை, பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாமல், தொகுப்பாளருக்குச் சேர்க்க வேண்டும். தொடங்கும்போது ஐந்து, நான்கு என்று வாய்விட்டுச் சொல்வேன். மூன்றிலிருந்து விரல்தான், குரல் கிடையாது. பிறகு விருந்தினரின் தோளுக்குப் பின்னால், தொகுப்பாளர் தலையைத் திருப்பாமலே பார்க்கிற இடத்தில், ஒரு வெள்ளைப் பலகையோடு நிற்பேன். ‘இரண்டு நிமிடம்’, ‘இடைவேளை’, ‘மைக் உரசுகிறது’ என்று எழுதிக் காட்டுவேன். எழுதும் சத்தம் கேட்கக் கூடாது. அதற்கென்று முனை மழுங்கிய மார்க்கர்களாகப் பார்த்து எடுத்து வைத்திருப்பேன்.

‘இன்னும் தூங்கலையா’ இரவு பத்தரைக்கு ஒளிபரப்பாகும். எடுப்பது மதியம் மூன்று மணிக்கு. தயிர்சாதம் சாப்பிட்ட கிறக்கத்தில் எல்லோருக்கும் நடுராத்திரிக் களை தானாக வந்துவிடும் என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு விருந்தினர். நட்சத்திரங்கள் வர மாட்டார்கள். ரயில்வே கேட் கீப்பர், பிரசவ வார்டு நர்ஸ், பூ மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை இறக்குகிறவர் என்று இரவில் விழித்திருக்கிறவர்கள் வருவார்கள். அவர்களோடு தொகுப்பாளர் வரதன் சார் அரைமணி நேரம் பேசுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

தயாரிப்பாளர் ரஹீமா மேடம். வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பம். வீட்டில் எல்லோரும் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்னால் விருந்தினரின் நாற்காலியில் அவரே போய் உட்காருவார். இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா, கால் தரையில் படுகிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார். ஒருமுறை குள்ளமான ஒரு பாட்டுக்கார அம்மாவுக்காகத் தன் கைப்பையைக் காலடிக்கு வைத்துவிட்டுப் போனார். யாராவது தவறு செய்தால் திட்ட மாட்டார். பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார். சொல்லிக்கொண்டே வரும்போது, தவறு செய்த இடம் வந்ததும் நமக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது, “சரி, போய் டீ குடிச்சுட்டு வாங்க” என்பார். அதற்குப் பதில் நான்கு அறை வாங்கியிருக்கலாம்.

அவருடைய விதி ஒன்றுதான். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் கேமராவை நிறுத்தக் கூடாது. பேசுகிறவரை நிறுத்துவது வீட்டுக்குச் சாப்பிட வந்தவரின் இலையை இழுப்பது மாதிரி என்பார்.

நிகழ்ச்சி நிற்பதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருநாள், படப்பிடிப்பின் நடுவில், வரதன் சாருக்கு நேர் பின்னால் ஒரு விளக்கு வெடித்தது. விருந்தினர் நாற்காலியில் துள்ளிவிட்டார். கேமராமேன் குனிந்துவிட்டார். வரதன் சார் மட்டும் முகத்தில் இருந்த புன்னகை மாறாமல் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நிதானத்தை எல்லோரும் அன்றைக்குப் புகழ்ந்தார்கள். நான் புகழவில்லை. மாலையில் ஒப்பனை அறைக்கு என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

“பல்பு வெடிச்சப்ப நான் திரும்பல, இல்ல?”

“இல்ல சார்.”

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு காது முழுதாகப் போய்விட்டது. இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது. கேட்கும் கருவி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். மாட்டினால் பேச்சோடு மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து பெரிதாகிறது. அதைவிட, கேமராவில் அது தெரிந்தால் மறுநாளே தன் நாற்காலியில் ஒரு சின்னப் பையனை உட்காரவைத்து விடுவார்கள் என்ற பயம். வாயசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிறாராம். மீதிப் பாதிக்கு நான் வேண்டுமாம். விருந்தினர் சொல்வதில் முக்கியமான இரண்டு சொல்லைப் பலகையில் எழுதினால் போதும், சமாளித்துக்கொள்வேன் என்றார்.

நான் சரி என்றேன். அவர் நல்ல மனிதர். அந்த நிகழ்ச்சியை நான் நேசித்தேன். மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள், வேலை போவதைப் பற்றி நினைக்கவே பிடிக்கவில்லை. இந்த மூன்றில் எது முதல் காரணம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எழுதினேன். ‘மகன் வெளிநாடு’, ‘பேசி ஒரு வருஷம்’, ‘அம்மா சமையல்’. நான் பலகையோடு நிற்பது எப்போதும் உள்ளதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போகப் போக, விருந்தினர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் எழுதி முடித்துவிடுவேன். வரதன் சார் அதைக் கண்ணோரத்தில் பார்த்து, கேட்டவர் போலவே தலையாட்டுவார். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

வருடத்துக்கு ஒரு வாரம் வெளியூரில் எடுப்போம். அந்த வருடம் எங்கள் மலையைச் சொன்னேன். ரஹீமா மேடத்துக்குக் கீழேயிருந்து பார்த்துப் பழகிய மலை, உடனே ஒப்புக்கொண்டார். விருந்தினர்களையும் பிடித்துவிட்டோம். காவலூரில் தொலைநோக்கி நிலையத்து ஆட்களுக்கு டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர். அவருடைய வாடிக்கையாளர்கள் பகலில் தூங்குகிறவர்கள். புளி உலுக்குகிறவர் ஒருவர். புதூர்நாட்டில் மல்லிகா.

மல்லிகா திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். அப்போது நாற்பதை ஒட்டிய வயது. சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டிருப்பார். அந்தக் கரடுமுரடான மண்பாதையில் பேருந்து ஒன்றிரண்டுதான் ஏறும் என்பதால் ஜனங்கள், புளி மூட்டை, பலாப்பழம் எல்லாம் அவர் ஜீப்பில்தான் ஏறும். இரண்டு நாள் முன்னால் ரஹீமா மேடமே அவரோடு உட்கார்ந்து பேசி, என்னவெல்லாம் கேட்கலாம் என்று குறித்துக்கொண்டார். எந்த வளைவில் முதல் கியர், பலாப்பழம் உருண்டு பிரேக்குக்கு அடியில் போனது, வெற்றிலைக்காகப் பாதி மலையில் வண்டியை நிறுத்தச் சொன்ன கிழவர் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வாரத்தில் இதுதான் கலகலப்பான நிகழ்ச்சி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம்.

சமுதாயக் கூடத்தில் எடுத்தோம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, மூன்று மணி வெயிலை வெளியே நிறுத்தி, உள்ளே ராத்திரி ஆக்கினோம். ஊர் ஜனம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, ராத்திரிதான் வேணும்னா ராத்திரியே வந்திருக்கலாமே என்று கேட்டார். நான் விளக்கைச் சரிசெய்யப் போனேன். ரஹீமா மேடம் வழக்கம்போல மல்லிகாவின் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் துணி மறைப்புக்குப் பின்னால் இருந்த திரைகளிடம் போனார். நான் விரலை மடக்கினேன். கேமராக்கள் ஓடின.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. கூடம் சிரித்தது. நான் எழுதினேன், வரதன் சார் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வேலை இருக்க, ஜீப் ஓட்ட எப்படி வந்தீர்கள் என்று.

மல்லிகா கொஞ்சம் யோசித்தார். முன்பேச்சில் இந்தக் கேள்விக்கு, வண்டி ஓட்டினால் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார். இப்போது வேறு பதில் வந்தது.

“எம் புள்ள ஜீப்லதாங்க பொறந்துச்சி” என்றார். வரதன் சாரைப் பார்த்துச் சொன்னார். அடுத்ததைச் சொல்லும்போது முகம் தானாகக் கூடத்தின் பக்கம், பாயில் உட்கார்ந்திருந்த தன் ஜனங்களின் பக்கம் திரும்பிவிட்டது. “கீழ எறங்கறதுக்குள்ள ஜீப்லயே போய்ட்டுச்சி. ரோடு இல்ல. ஓட்னவருக்கும் வழி சரியா தெரியல.”

நான் ‘ஜீப்பில் பிறந்தது’ என்று எழுதியிருந்தேன். அடுத்த சொல்லை எழுதவில்லை. மார்க்கர் பலகைமேல் இருந்தது, கை நகரவில்லை. அந்தப் பாதையில் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியதை நானும் சின்ன வயதில் பார்த்தவன். அவர் சொன்னதும் நான் ஃப்ளோர் மேனேஜராக இல்லை, பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனாகிவிட்டேன். மூன்று விநாடி இருக்கும்.

வரதன் சார் பலகையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகம் மலர்ந்து சிரித்தார்.

“ஜீப்லயே பொறந்த புள்ளையா? அப்ப இப்ப உங்களுக்குக் கிளீனரா அதுதான் வருதா?”

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மல்லிகா அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் காலரில் இருந்த மைக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னாங்க கேட்டீங்க?”

வரதன் சாருக்கு ஏதோ தவறிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். அப்போது துணியை விலக்கிக்கொண்டு ரஹீமா மேடம் வெளியே வந்தார். பதினொரு வருடத்தில் அவர் படப்பிடிப்பின் நடுவே தளத்துக்குள் வந்தது அன்று ஒருநாள்தான். “கேமரா எல்லாத்தையும் நிறுத்துங்க” என்றார். மூன்று சிவப்பு விளக்குகளும் அணையும்வரை அங்கேயே நின்றார்.

நான் பலகையைத் துடைத்தேன். ‘குழந்தை இறந்துவிட்டது’ என்று எழுதி உயர்த்தினேன். இந்த முறை எழுதுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

வரதன் சார் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார் என்று நினைக்கிறேன். எழுந்து மல்லிகாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். கேமராவுக்குப் பேசுகிற அந்த வட்டமான குரல் போய்விட்டது.

“எனக்குக் காது கேக்காதும்மா. ரெண்டு வருஷமாச்சு. நீங்க சொன்னதுல பாதிதான் எனக்குத் தெரிஞ்சுது. மீதியக் கேட்ட மாதிரி நடிச்சேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் நடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொன்னாரா என்று நினைவில்லை. தலை குனிந்தே நின்றார். அவருடைய நாற்காலியும் எங்கள் நாற்பது பேரின் வேலையும் அந்த நிமிடத்தில் போய்விட்டன என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அப்போது அது பெரிதாகப் படவில்லை. அந்த அம்மா எழுந்து போய்விடுவார் என்றுதான் பயந்தேன்.

மல்லிகா போகவில்லை.

“கிட்ட வந்து குந்துங்க” என்றார். “அத கத்தி சொல்ல முடியாது.”

வரதன் சார் தன் நாற்காலியை இழுத்து, இருவர் முழங்காலும் தொடும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். மல்லிகா முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாமல், ஒவ்வொரு சொல்லாக, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். ஒரு பத்து நிமிடம். எந்த இடத்தில் பிறந்தது, எந்த வளைவில் மூச்சு நின்றது, யார் சேலையில் சுற்றினார்கள், அதற்கு அடுத்த வருடம் திருப்பத்தூரில் ஒரு லாரிக்காரரிடம் போய் வண்டி கற்றுக்கொடு என்று எப்படிப் போய் நின்றார் என்று எல்லாவற்றையும் சொன்னார். புரியாத இடத்தில் வரதன் சார், “இன்னொரு தடவ சொல்லும்மா” என்று கேட்டார். அப்படிக் கேட்க அவருக்கு அதுவரை துணிவு வந்ததில்லை. மல்லிகா மறுபடி சொன்னார். நான் மார்க்கரை மூடிவிட்டுச் சும்மா நின்றேன்.

‘இன்னும் தூங்கலையா’வின் மிகச் சிறந்த பேச்சு அதுதான். அது எந்தக் கேமராவிலும் இல்லை.

மாலையில் துணிகளைக் கழற்றினோம். ஜன்னல் வழியே மஞ்சள் வெயில் பாயில் விழுந்தது. வேனில் ரஹீமா மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வழக்கம்போல, முதலிலிருந்து சொல்லச் சொல்வார் என்று பயந்தேன். அவரே சொல்ல ஆரம்பித்தார். விளக்கு வெடித்த அன்றே அவருக்கும் தெரிந்துவிட்டதாம். தரையில் நாற்காலிக்காக ஒட்டியிருக்கும் நாடாவை, வரதன் சாருக்கு வாயசைவு தெரியட்டும் என்று, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக அவரே நகர்த்தி ஒட்டியிருக்கிறார். ஐந்தடி தூரத்தில் இருந்த விருந்தினர் மூன்றரை அடிக்கு வந்துவிட்டார். தினமும் அந்த நாடாவைப் பார்த்து நாற்காலி போட்ட எனக்கு அது தெரியவில்லை.

“ஆளாளுக்கு ஒளிச்சு வெச்சோம் மாணிக்கம். நல்லதுன்னு நெனச்சுதான் வெச்சோம். அது போய் அந்தம்மா மேல விழுந்துச்சு” என்றார். டீ குடித்துவிட்டு வரச் சொல்லவில்லை.

சென்னைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் பதிவானதைப் போட்டுப் பார்த்தார். கேமரா நிற்கும்வரை உள்ளது அது, மீதியை ரஹீமா மேடம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு நிஜமாகவே கண் கலங்கினார். இதை அப்படியே போடுவோம் என்றார். கடைசியில் வரதன் சார் கேமரா முன்னால் தன் காதைப் பற்றிச் சொல்லட்டும், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும், ஊரே பார்க்கும், அதோடு அந்த மலைக்கு ரோடும் வரும் என்றார். ரோடு வரும் என்று சொன்னது எனக்குத் தைத்தது. அது பொய்யில்லை. வந்திருக்கக்கூடும்.

ரஹீமா மேடம் ஒன்றுதான் சொன்னார். அந்த அம்மாவைக் கேட்க வேண்டும். மலைக்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

திருப்பத்தூரில் இறங்கி, மல்லிகாவின் ஜீப்பிலேயே ஏறினேன். வழியில் பேசவில்லை. புதூர்நாட்டில் கடைசி மூட்டையை இறக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிபரப்பினால் ரோடு வர வாய்ப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒளிபரப்பாவிட்டால் எங்கள் நிகழ்ச்சி என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றக் கூடாது என்று ரஹீமா மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மல்லிகா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரோடு வேணும்னா ரோட்ட காட்டுங்க. அதுக்கு எம் புள்ள இன்னாத்துக்கு? அது எங்க வூட்டு சாவு. சோறு துன்னுட்டு படுத்துகினு பாக்கறதுக்கு இல்ல.”

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் சென்னை வந்து, அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் கூட்டத்தில் சொன்னேன்.

தலைவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, இன்னொரு தடவை போய்ப் பேசலாம், இந்தத் தடவை தானும் வருவதாகச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைப் பிடித்துப் பேசினால் ஒப்புக்கொள்வார் என்றார்.

“கேட்டாச்சு சார்” என்றார் ரஹீமா மேடம். “அவங்க சொல்லிட்டாங்க. மறுபடி போனா அது கேக்கறது இல்ல, கையப் புடிச்சு இழுக்கறது.”

வரதன் சாருக்காக நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஒளித்து அல்ல, மேஜைமேல் வைத்தே எழுதினேன். அவர் படித்துவிட்டு, அந்த அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றார். தன்னைப் பொறுத்தவரை, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசுகிற வேலையை இனி செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். அவருக்குப் பதில் வேறொருவரை வைத்து நடத்த முடியுமா என்று தலைவர் ரஹீமா மேடத்தைக் கேட்டார். அவர் முடியாது என்றார். வேறு யாராவது தயாரிப்பாளரை வைத்துத் தொடர்ந்திருக்கலாம். தொடரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் அந்த வருடம் குறைந்திருந்தார்கள், விளம்பரங்களும் குறைந்திருந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியாக இருந்தால் எப்படியாவது ஒட்டவைத்திருப்பார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. பதினொரு வருட நிகழ்ச்சி.

கிளம்பும்போது ரஹீமா மேடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். அந்தப் பதிவைத் தன் கண் முன்னால் அழிக்க வேண்டும் என்றார். தலைவர் தயங்கினார். பிறகு கவிதாவின் அறைக்கு அவரே நடந்து வந்து, அழிக்கச் சொல்லி, அழிந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். கவிதாவுக்கு அன்று என்ன அழித்தோம் என்று தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

‘இன்றுடன் நிறைவடைகிறது’ என்று மட்டும் திரையில் ஓடவிட்டார்கள். தன் காது செய்தியாகக் கூடாது என்று வரதன் சார் கேட்டுக்கொண்டதால் காரணம் சொல்லவில்லை. ஜவ்வாது மலை வாரம் என்று ஏற்கெனவே விளம்பரம் போயிருந்தது, அது வராததால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள்.

என் மனைவியிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடமாக வீட்டுக்கு வரும்போது உங்கள் முகம் சரியாக இல்லை, இன்றைக்குச் சரியாக இருக்கிறது என்றாள். வேலை போன அன்று மனைவி வாயால் அப்படி ஒரு சொல் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை. குழுவில் பலர் அதே நிறுவனத்தில் வேறு நிகழ்ச்சிகளுக்குப் போனார்கள். நான் ஒரு சமையல் நிகழ்ச்சியிலும் பிறகு வினாடி வினாவிலும் நின்று ஓய்வு பெற்றேன். மகள் படித்து முடித்தாள். ரஹீமா மேடம் வாணியம்பாடிக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் ஊடகப் பாடம் எடுக்கிறார். இன்றும் வகுப்புக்கு முன்னால் மாணவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கரும்பலகை தெரிகிறதா என்று பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். வரதன் சார் இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார், வெளியே தெரிகிற பெரிய கருவி. போனில் அவரோடு பேச முடிகிறது. மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். மலைச் சாலையும் பிற்பாடு ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்துத் தார் போட்டு வந்துவிட்டது. அதில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

நான் புதூர்நாட்டுக்கே வந்துவிட்டேன். கொஞ்சம் சாமை போடுகிறேன், வீட்டுக்கு ஆகிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாலும் யாருக்கும் விரல் காட்ட வேண்டியதில்லை என்பது நல்ல சுகம்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று வரதன் சாரிடம் போனில் கேட்டேன். “என் காதப் பத்தித் தாராளமா எழுது. மல்லிகாவ மட்டும் கேட்டுக்கோ” என்றார்.

ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். மல்லிகா ஆள் நிரம்பக் காத்துக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி ஏன் நின்றது என்பதை அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொன்னேன். அவர் கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஒருத்தி வேணாம்னதுக்கா?”

அது மட்டுமில்லை, ஆனால் அதுதான் முதலில் என்றேன். எங்களுக்கு எல்லாம் வேலை போனதா என்று கேட்டார். வேறு வேலை கிடைத்தது, யாரும் கஷ்டப்படவில்லை என்றேன். அவர் முன்கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“இன்னொரு தபா வந்து கேட்டிருந்தீங்கன்னா சரின்னு சொல்லியிருப்பேண்ணா. நீங்க போன அன்னிக்கே மனசு எறங்கிடுச்சி. இவ்ளோ தூரம் வந்து கேட்டாங்களேன்னு. நாளிக்கு வருவாங்க, சரின்னுடலாம்னு நெனச்சிகினே இருந்தேன். யாரும் வரல.”

நாங்கள் வராதது தப்பா என்று கேட்டேன்.

“இல்லண்ணா. வந்திருந்தா சொல்லியிருப்பேன். சொல்லிட்டு அப்பறம் அத நெனச்சி நெனச்சி மலை ஏறியிருப்பேன். வராததே நல்லதா போச்சி.”

பின்னால் இரண்டு பேர் ஏறினார்கள். இன்னும் ஒரு ஆள் வந்தால் வண்டி கிளம்பிவிடும். நான் சீக்கிரமாக விஷயத்துக்கு வந்தேன். இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று இருக்கிறேன், குழந்தையைப் பற்றியும் அதில் வரும், எழுதட்டுமா என்று கேட்டேன்.

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வருவது தெரிந்தது.

“இதுக்கும் ஒரு தபாதான் கேப்பீங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப எழுதிக்குங்க” என்று சாவியைத் திருப்பினார்.